கைச்செயினுக்குக் கம்பிக் கொக்கி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவில் வடசேரியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் சனிக்கிழமை தோறும் ஏழெட்டுப் பேர் பாசி கோக்க உட்காருவோம். குளச்சலிலிருந்து வருகிறவர்கள் சிப்பி கொண்டுவருவார்கள், தக்கலைப் பக்கத்துக்காரர்கள் மஞ்சாடிக்குரு என்ற சிவப்பு விதை கொண்டுவருவார்கள். கோப்பது எல்லோருக்கும் இரண்டே வாரத்தில் கைவந்துவிடும். கொக்கி செய்யும்போதுதான் கை நிற்கும், கேள்வி வரும். அப்படித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

அக்கா, கடையில் பாக்கெட் பாக்கெட்டாகக் கொக்கி கிடைக்கிறதே, கையால் ஏன் செய்ய வேண்டும்?

கடைக் கொக்கியில் உள்ளே ஒரு சின்ன ஸ்பிரிங் இருக்கும். அழுத்தினால் திறக்கும், விட்டால் மூடும். கடலிலிருந்து தள்ளி இருக்கும் ஊர்களில் நன்றாகத்தான் வேலை செய்யும். ஆனால் முட்டம், குளச்சல், கன்னியாகுமரி என்று கடலோரத்தில் இருப்பவர்கள் கையில் போட்டால் உப்புக்காற்றும் வியர்வையும் அந்த ஸ்பிரிங்கைத்தான் முதலில் தின்னும். மேலே பூச்சு பளபளப்பாகவே இருக்க, உள்ளே துரு ஏறி ஒருநாள் திறந்தபடி நின்றுவிடும். அதைக் கழற்றிச் சரிசெய்யவும் வழி இல்லை. கம்பிக் கொக்கியில் ஒளிந்திருக்கும் பாகம் எதுவும் கிடையாது. வளைந்த கம்பி, அவ்வளவுதான். தளர்ந்தால் குறடால் ஓர் அழுத்து அழுத்திக்கொள்ளலாம்.

இன்னொன்று, பாசியின் நிறத்துக்கும் கனத்துக்கும் தகுந்தபடி கொக்கியை நாமே வரைந்து செய்யலாம். நான் இதை விடாமல் செய்துவருவதற்கு அதுதான் காரணம்.

எந்தக் கம்பி வாங்குவது?

பழகுவதற்குச் செம்பு. எளிதாக வளையும், தவறு செய்தாலும் விலை கையைக் கடிக்காது, சுத்தியலால் தட்டினால் நன்றாக இறுகும். அப்புறம் பித்தளை. அது தொடக்கத்திலேயே கொஞ்சம் விறைப்பாக இருக்கும், அதனால் கொக்கிக்கு இன்னும் நல்லது. ஆனால் புதுக்கைக்கு விரல் வலிக்கும்.

அலுமினியக் கம்பியைச் சொல்லி நிறையப் பேர் கேட்கிறார்கள். நிறம் நிறமாகக் கிடைக்கிறது, வெண்ணெய் போல வளைகிறது. வெண்ணெய் போல வளைவதுதான் பிரச்சினை. பார்வைக்கு அழகான சுருள் செய்யலாம், ஆனால் பாரம் தாங்கும் கொக்கிக்கு அதை நான் எடுப்பதில்லை. கட்டட வேலையில் கம்பி கட்டப் பயன்படும் கட்டுக்கம்பியும் வேண்டாம். அது காய்ச்சி இளக்கி விற்கப்படும் இரும்பு. வளைத்த இடத்தில் நிற்காது, ஒரே மழையில் துருப்பிடிக்கும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கடலோரத்துக்கு மிக நல்லது, அதிலும் 316 என்ற ரகம். அதில் மாலிப்டினம் என்ற உலோகம் கலந்திருப்பதால் உப்பு அரிப்பை நன்றாகத் தாங்கும். ஆனால் அது குறடோடு மல்லுக்கட்டும். செம்பில் ஐம்பது கொக்கி செய்து கை பழகிய பிறகு தொடுங்கள்.

மோட்டார் வைண்டிங் கம்பி வீட்டில் கிடக்கிறது. அதில் செய்யலாமா? கரண்டு ஒயரை உரித்து எடுக்கலாமா?

இரண்டும் செய்யலாம். வைண்டிங் கம்பியும் செம்புதான், ஆனால் மேலே ஓர் அரக்கு போன்ற பூச்சு இருக்கும். தட்டும்போது அது வெடித்துச் செதில் செதிலாக வரும். ஆகவே கொக்கிக்கு வேண்டிய துண்டை மட்டும் உப்புத்தாளால் சுரண்டிச் சுத்தம் செய்துகொள்ளுங்கள். கரண்டு ஒயரில் ஒற்றைக் கம்பியாக இருப்பதுதான் நமக்கு உதவும். 1 சதுர மி.மீ. என்று போட்டிருக்கும் ஒற்றைக் கம்பியின் குறுக்களவு ஏறக்குறைய 1.13 மி.மீ. வரும், கொக்கிக்குக் கச்சிதம். பல இழையாக இருப்பது ஆகாது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: உறையை எரித்து எடுக்காதீர்கள். பிவிசி எரிந்தால் வரும் புகை நஞ்சு. பிளேடால் நீளவாக்கில் கீறி உரியுங்கள்.

வீடியோவில் 18 கேஜ் என்கிறார்கள். இங்கே 18 வாங்கினால் தடியாக இருக்கிறதே?

உங்கள் கண்ணில் கோளாறு இல்லை. அமெரிக்க அளவும் நம் கடைகளில் புழங்கும் பிரிட்டிஷ் அளவும் வேறு வேறு. அமெரிக்க 18 என்றால் 1.02 மி.மீ. நம் ஊர் 18 என்றால் 1.22 மி.மீ. எண் கூடக் கூடக் கம்பி மெலியும் என்பது இரண்டுக்கும் பொது. வீடியோவில் 18 என்றால் நம் கடையில் 19 கேளுங்கள், அங்கே 20 என்றால் இங்கே 21. ஏறக்குறைய அதே தடிமன் வந்துவிடும். இன்னும் நல்லது, எண்ணையே விட்டுவிட்டு மில்லிமீட்டரில் கேட்பது.

கைச்செயின் கொக்கிக்கு 1 மி.மீ. என் வழக்கம். சிப்பி, கல் என்று கனமாக இருந்தால் 1.2. மெல்லிய ஒற்றைச் சரத்துக்கு 0.8 போதும், ஆனால் நன்றாகத் தட்டியிருக்க வேண்டும்.

என்னென்ன கருவி வேண்டும்?

வட்டமூக்குக் குறடு, சப்பைமூக்குக் குறடு, கட்டர், சின்ன அரம், 400 எண்ணும் 600 எண்ணும் உள்ள உப்புத்தாள், ஒரு சிறு சுத்தியல், அடியில் வைக்க வழவழப்பான இரும்புத் துண்டு. வடசேரியில் கோயில் நகை செய்யும் பட்டறைகளில் பார்த்தீர்கள் என்றால் பட்டடைக்கல் கண்ணாடி போல மின்னும். அது அழகுக்காக அல்ல. கல்லில் ஒரு கீறல் இருந்தால் அது அப்படியே நகையில் பதியும். நம் இரும்புத் துண்டுக்கும் சுத்தியல் முகத்துக்கும் அதே கவனம் வேண்டும். ஆணி அடிக்கும் சுத்தியலை இதற்கு எடுக்காதீர்கள்.

குறடின் வாயில் உள்ளே பல் பல்லாக வரி இருந்தால் கம்பியில் தடம் விழும். வரி இல்லாததை வாங்குங்கள், இல்லையென்றால் வாயில் டேப் சுற்றிக்கொள்ளுங்கள்.

கம்பியை வெட்டும்போது வெட்டுப்படும் துண்டின் நுனியை விரலால் பிடித்துக்கொண்டு, கட்டரைக் கீழ்நோக்கி வைத்து வெட்டுங்கள். இல்லையென்றால் துண்டு கண்ணை நோக்கித் தெறிக்கும்.

முதல் கொக்கியை எப்படிச் செய்வது?

1 மி.மீ. கம்பியில் 6 செ.மீ. வெட்டுங்கள். இரண்டு முனையையும் அரத்தால் உருட்டி, உப்புத்தாளால் தேயுங்கள். புறங்கையில் இழுத்துப் பாருங்கள். கீறினால் இன்னும் தேய்க்க வேண்டும்.

ஒரு முனையை வட்டமூக்குக் குறடின் நுனியில் பிடித்து மிகச் சின்னச் சுருளாக வளையுங்கள், கடுகு உள்ளே போகும் அளவு. இது கொக்கியின் மூக்கு. சேலையிலும் தோலிலும் குத்தாமல் இருப்பதற்கும், வளையத்தை உள்ளே வழுக்கி விடுவதற்கும் இதுதான். அதிலிருந்து ஒன்றரை செ.மீ. தள்ளி, மெல்லிய பேனா ரீபிள் அல்லது குறடின் தடித்த பாகத்தில் வைத்து, சுருள் வெளிப்பக்கம் பார்க்கும்படி கம்பியை மடக்குங்கள். இப்போது தூண்டில் முள் போன்ற உருவம் வந்திருக்கும். மறுமுனையில் கைச்செயினோடு சேரும் கண்ணியை வளையுங்கள். கண்ணியின் முனை தண்டில் முட்டி, இடைவெளி இல்லாமல் மூடியிருக்க வேண்டும். மிஞ்சிய கம்பியை வெட்டிவிடுங்கள்.

இனி வாய். நிறையப் பேர் இங்கேதான் தவறு செய்கிறார்கள். கழுத்துமாலைக்குக் கொக்கியின் வாய் திறந்திருந்தாலும் பாதகமில்லை, மாலையின் பாரம் எப்போதும் கீழே இழுத்துக்கொண்டே இருப்பதால் வளையம் விலகாது. கைச்செயினுக்கு அந்த இழுப்பு கிடையாது. கையைத் தொங்கவிடும்போது ஒரு பக்கம் இறுகும், தூக்கும்போது தளரும், மேசையில் வைக்கும்போது கொக்கி மேல்நோக்கித் தள்ளப்படும். தளர்ந்த நேரத்தில்தான் கொக்கி கழன்று விழுகிறது. ஆகவே வாயின் இடைவெளி, மறுபக்க வளையக் கம்பியின் தடிமனைவிட இம்மியளவு குறைவாக இருக்கட்டும். கொஞ்சம் அழுத்தினால் ‘டக்’ என்று உள்ளே போக வேண்டும், அழுத்தாமல் வெளியே வரக் கூடாது.

எல்லாம் சொன்னபடியே செய்தேன். இரண்டு நாளில் வாய் விரிந்துவிட்டது. ஏன்?

தட்டவில்லை, அதனால்தான்.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு கம்பியைக் கையால் ஒடிக்க வேண்டுமென்றால் என்ன செய்வோம்? முன்னும் பின்னும் மடக்கிக்கொண்டே இருப்போம். முதல் மடக்கு லேசாக இருக்கும். மூன்றாவது, நான்காவதில் அந்த இடம் விறைத்துக்கொண்டு வளைய மறுக்கும். அப்புறம் படக்கென்று ஒடியும். உலோகத்தின் உள்ளே அணு அடுக்குகளில் விழும் நுண்ணிய பிசகுகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்வதால் வரும் விறைப்பு அது. ஒடிவதற்குச் சற்று முன்னால் இருக்கும் அந்த விறைப்புதான் கொக்கிக்கு வேண்டும். சுத்தியலால் தட்டினால் உருவம் கெடாமல் அது கிடைக்கும்.

தொடங்கிய வருஷம் எனக்கு இது தெரியாது. சொந்தத்தில் ஒரு பெண்ணுக்கு வெள்ளைச் சிப்பியில் கைச்செயின் செய்துகொடுத்தேன், கொக்கி தட்டாத செம்பு. சங்குத்துறை கடற்கரைக்குப் போய்த் திரும்பியபோது கையில் இல்லை. பிள்ளைகள் எல்லோரும் இருட்டும்வரை மணலைச் சலித்திருக்கிறார்கள். அவள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, இன்னொன்று செய்துதாருங்கள் என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகு தட்டாத கொக்கி ஒன்றுகூட என் கையைவிட்டு வெளியே போனதில்லை.

கொக்கியை இரும்பின் மேல் படுக்க வைத்து, வளைவின் மேல் மட்டும் மெதுவாகத் தட்டுங்கள். ஓங்கி இரண்டு அடி அடிப்பதைவிட லேசாக இருபது தட்டு நல்லது. புரட்டிப் போட்டு மறுபக்கமும் தட்டுங்கள். வளைவு கொஞ்சம் சப்பையாகி, விரலால் அழுத்தினால் ஸ்பிரிங் போலத் திரும்பி வரும். தட்டும்போது வாய் தானாக விரியும், கடைசியில் குறடால் அழுத்தி மூடிக்கொள்ளுங்கள். கம்பி மேல் கம்பி ஏறியிருக்கும் இடத்தில் மட்டும் தட்டாதீர்கள். அங்கே ஒன்று மற்றொன்றை வெட்டும்.

தட்டத் தட்ட ஒடிந்துவிட்டது. இப்போது என்ன செய்ய?

அதிகமாகிவிட்டது. ஓரத்தில் மயிரிழை வெடிப்பு தெரிந்தாலே நிறுத்த வேண்டும். கம்பி வேலைக்கு நடுவிலேயே விறைத்துப்போனால் காய்ச்சி இளக்கலாம். செம்புக் கம்பியை இடுக்கியில் பிடித்து, விளக்கை அணைத்துவிட்டு, கேஸ் அடுப்புத் தீயில் காட்டுங்கள். மங்கலான சிவப்பு வந்ததும் எடுத்துத் தண்ணீரில் போடுங்கள். திரும்பவும் நூல்போல வளையும். மேலே கறுத்திருக்கும், புளித்தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவிட்டுத் தேய்த்தால் போய்விடும், குத்துவிளக்கு தேய்ப்போமே அப்படி. பித்தளையைச் சூட்டோடு தண்ணீரில் போடாமல் தானாக ஆறவிடுங்கள்.

அலுமினியத்தை இப்படிக் காய்ச்ச வேண்டாம். அது 660 டிகிரியிலேயே உருகும், உருகப்போவதற்கு முன் செம்பு போலச் சிவந்து காட்டாது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சொட்டும்.

காய்ச்சிய கம்பி மெத்தென்று ஆகிவிடும் என்பதை மறக்காதீர்கள். உருவம் வந்ததும் திரும்பத் தட்டியாக வேண்டும்.

எஸ் கொக்கி, தூண்டில் கொக்கி, டி கொக்கி: எதை எதற்குப் போடுவது?

மேலே சொன்னது தூண்டில் கொக்கி. எல்லாவற்றுக்கும் ஆகும்.

எஸ் கொக்கி தங்கச் செயினில் நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 6 செ.மீ. கம்பியில் இரண்டு பக்கமும் எதிரெதிராக வளைத்தால் வந்துவிடும். ஒரு பக்கத்தை முழுவதும் மூடிவிட்டு, மறுபக்கத்தை மட்டும் திறந்து மூடப் பயன்படுத்துங்கள். இரண்டு பக்கமும் திறந்திருந்தால் கொக்கியே தொலையும்.

டி கொக்கி என்பது ஒரு வளையமும் அதன் வழியே நுழைத்துத் திருப்பும் ஒரு குச்சியும். கனமான கைச்செயினுக்கு எனக்கு மிகப் பிடித்தது. இதில் அளவு முக்கியம். வளையத்தின் உள்வாய் 12 மி.மீ. என்றால் குச்சி 18 முதல் 20 மி.மீ. இருக்கட்டும். குச்சிக்கும் முதல் பாசிக்கும் நடுவில், குச்சியின் பாதி நீளமாவது வெறும் சங்கிலிக் கண்ணி விடுங்கள். குச்சி மடங்கி வளையத்துக்குள் போக அந்த இடம் வேண்டும். பெரிய பாசியைக் குச்சியை ஒட்டிக் கோத்துவிட்டு, மாட்ட முடியவில்லை என்று வருகிறவர்கள் அதிகம்.

நாலு கொக்கி செய்தால் நாலும் நாலு அளவில் வருகிறது.

குறடின் மூக்கில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். எப்போதும் அந்தக் கோட்டில் வைத்தே வளையுங்கள். நிறையச் செய்கிறவர்கள் ஒரு பலகையில் தலை வெட்டிய ஆணிகளை அடித்து, அதைச் சுற்றி வளைக்கலாம். என்னிடம் ஒரு பழைய பூவரசுக் கட்டை இருக்கிறது, அதில் மூன்று ஆணி. அதுதான் என் அச்சு.

மாட்டும் வளையத்தை எப்படிச் செய்வது? அதில் இடைவெளி விழுகிறதே?

ரீபிளில் கம்பியை நெருக்கமாகச் சுருட்டி, ஒவ்வொன்றாக வெட்டுங்கள். ஒரு வளையத்துக்கு எவ்வளவு கம்பி என்று கணக்குப் போட வேண்டுமானால், உள்வாயோடு கம்பியின் தடிமனைக் கூட்டி 3.14 ஆல் பெருக்குங்கள். உள்வாய் 5, கம்பி 1 என்றால் 18.8 மி.மீ.

திறக்கும்போது இருபுறமும் இழுத்து அகட்டாதீர்கள், வட்டம் போய்விடும். ஒரு முனையை முன்னாலும் மற்றதைப் பின்னாலும் தள்ளுங்கள், கதவு திறப்பதுபோல. மூடும்போது கொஞ்சம் தாண்டிப் போய்த் திரும்பி வாருங்கள். இரண்டு மூன்று முறை அப்படி ஆட்டினால் முனைகள் உரசி நேராக வந்து நிற்கும், வளையமும் இறுகும்.

வளையத்தைப் பற்றவைத்துவிட்டால் நல்லதா?

நல்லது. ஆனால் வேண்டியதில்லை. 1 மி.மீ. கம்பியில் ஒழுங்காக மூடிய வளையம் நன்றாகவே நிற்கும். தங்கூசியில், அதாவது மீன்பிடி நைலான் இழையில், கோக்கிறவர்களுக்கு மட்டும் எச்சரிக்கை: மயிரளவு இடைவெளி இருந்தாலும் தங்கூசி அதன் வழியே நழுவும், இல்லையென்றால் வெட்டுப்பட்டு அறும். அவர்கள் வளையத்துக்குப் பதில் எட்டு வடிவக் கண்ணி செய்து, முனையைத் தண்டில் ஒரு சுற்றுச் சுற்றிவிடுங்கள்.

போட்டால் கை பச்சையாகிறது. விஷமா?

விஷமில்லை. செம்பும் பித்தளையும் வியர்வையோடும் உப்போடும் சேர்ந்து உண்டாக்கும் பச்சை அது, சோப்புப் போட்டால் போய்விடும். நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் உண்டு. ஈரமும் கடல்காற்றும் சேர்ந்து இங்கே செம்பு சீக்கிரம் கறுக்கும். கழற்றியதும் காய்ந்த துணியால் துடைத்து, காற்றுப் புகாத கவரில் வையுங்கள். நகப்பாலிஷ் பூசலாமா என்று கேட்பார்கள். கொக்கியில் வளையம் உரசும் இடத்தில்தான் முதலில் உரியும், திட்டுத்திட்டாகத் தெரியும். நான் பூசுவதில்லை.

பச்சை வேறு, அரிப்பு வேறு. தோல் சிவந்து தடித்து அரித்தால் அது பெரும்பாலும் நிக்கல். ஜெர்மன் சில்வர் என்று விற்பதில் வெள்ளி துளிகூட இல்லை. செம்பு, நிக்கல், துத்தநாகம்தான். கவரிங் கம்மல் போட்டால் காது புண்ணாகிறவர்களுக்கு அந்தக் கம்பியில் கொக்கி போடாதீர்கள். 92.5 வெள்ளிக் கம்பி வாங்கித் தந்தால் செய்துகொடுக்கலாம், செம்பு போலவேதான் வளையும்.

சின்னப் பிள்ளைக்குப் போடலாமா?

வாயில் எதையும் போட்டுக்கொள்ளும் வயதில் கொக்கி வேண்டாம், பாசியும் வேண்டாம். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்குச் செய்யலாம். குன்றிமணியை மட்டும் எந்தப் பிள்ளைக்கும் கோக்காதீர்கள். சிவப்பில் கறுப்புப் பொட்டு உள்ள அந்த விதையின் உள்ளே அப்ரின் என்ற கடும் நஞ்சு இருக்கிறது. துளையிட்டாலே ஓடு உடைந்துவிடும், துளைக்கிறவருக்கும் ஆபத்து. முழுச்சிவப்பான மஞ்சாடிக்குரு வேறு. அதைப் பெரியவர்களுக்குக் கோக்கலாம்.

தனியாக இருக்கும்போது ஒரு கையால் எப்படி மாட்டுவது? அம்மாவுக்கு விரல் மூட்டு வலி வேறு.

ஒரு ஊக்கை எடுத்து வளையத்தில் மாட்டி, ஊக்கின் மறுமுனையைக் கைச்செயின் போடும் கையின் விரல்களுக்குள் மடக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். வளையம் நழுவாது. மற்றக் கையால் கொக்கியை மாட்டிவிட்டு ஊக்கைக் கழற்றலாம். அம்மாவுக்கு டி கொக்கி செய்துகொடுங்கள், வளையத்தின் உள்வாயை 15 மி.மீ. ஆக்கிக் குச்சியையும் அதற்கேற்ப நீட்டி. அழுத்த வேண்டிய வேலையே அதில் இல்லை.

தையல் மெஷின், முந்திரி ஆலை, கயிறு திரிக்கும் ராட்டு என்று சுழலும் எதன் பக்கத்தில் வேலை செய்தாலும் கைச்செயினைக் கழற்றி வைத்துவிட்டு உட்காருங்கள். தட்டி இறுக்கிய கொக்கி அறாது, கையைத்தான் இழுக்கும்.

மணிக்கட்டு அளவில் செய்தேன், மாட்டவே எட்டவில்லை.

மணிக்கட்டைச் சுற்றி நூல் வைத்து அளந்து, ஒன்றரை முதல் இரண்டு செ.மீ. கூட்டுங்கள். தடித்த பாசி என்றால் இன்னும் ஒரு செ.மீ. அந்த மொத்த நீளத்தில் கொக்கியும் வளையமும் அடக்கம். ஆகவே கொக்கியை முதலில் செய்து அளந்துவிட்டு, மிச்சத்துக்குப் பாசி கோத்துக்கொள்ளுங்கள்.

பழைய கொக்கி தளர்ந்துவிட்டது. தூக்கிப் போட்டுவிடவா?

வேண்டாம். வாயைக் குறடால் அழுத்தி மூடி, வளைவில் பத்துப் பன்னிரண்டு தட்டுத் தட்டுங்கள். வளையம் உரசி உரசி வளைவின் உட்பக்கம் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். கம்பியின் கால்வாசி தேய்ந்திருந்தால் மட்டும் மாற்றுங்கள். கழற்றிய துண்டையும் ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள், பழைய செம்பு எடுக்கிறவர் தெருவுக்கு வரும்போது எடைக்குப் போடலாம்.